கத்ரீனாவில் தடுத்தது நிறமா, வறுமையா? உதவப் போகும் ஒருவருக்கு விரிவான பதில்

2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலில் வீடிழந்து மேற்கு வட கரோலினாவின் மலைப்பகுதியிலிருந்து சார்லட் நகரத்துக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்காக நீங்களும் நண்பர்களும் பொருள் திரட்டுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர், “2005இல் கத்ரீனா புயலின்போது பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பின மக்கள் என்பதால்தான் அரசு கைவிட்டது” என்றாராம். இன்னொருவர், “அது நிறப் பிரச்சினையே இல்லை, வறுமைப் பிரச்சினை” என்றாராம். மூன்றாமவர், “இந்தப் பேச்சே வேண்டாம், பெட்டியைத் தூக்குங்கள்” என்று முடித்துவைத்தாராம். யார் சொன்னது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது மூன்றாமவர் சொன்னதுதான் என்று எனக்குப் படுகிறது. உதவப் போகிறவனுக்கு இந்த விவாதமெல்லாம் எதற்கு? அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஹூஸ்டனில் சமூகப் பணியாளர். 2005 செப்டம்பரில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்திருந்த இங்குள்ள ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் தன்னார்வலராக நுழைந்தேன். அதன்பின் புயலால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதுவதும், மேல்முறையீடு செய்வதும், வாடகை வீடு தேடித் தருவதுமே என் தொழிலாகிவிட்டது. நான் வழக்கறிஞர் அல்ல, பொறியாளரும் அல்ல. நான் நேரில் கண்டது ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே. வந்து சேர முடியாமல் போனவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அறிக்கைகளிலும் ஆய்வுகளிலும் படித்ததுதான். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. ஆகஸ்ட் 29ஆம் தேதி காலை கத்ரீனா லூசியானா கரையைக் கடந்தபோது அது மூன்றாம் வகைப் புயல். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியதற்கு முதன்மையான காரணம் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தது. 17ஆவது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இண்டஸ்ட்ரியல் கால்வாய் எனப் பல இடங்களில் சுவர் சரிந்து, நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் நீருக்குள் போனது. அவற்றை வடிவமைத்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையே வடிவமைப்பில் குறை இருந்ததை 2006இல் ஒப்புக்கொண்டது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த, வசதியான லேக்வியூவும் மூழ்கியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டும் மூழ்கியது. ஆகவே ‘ஏழைகள் பள்ளத்தில் இருந்தார்கள், மூழ்கினார்கள்’ என்று சுருக்கிச் சொல்வது பாதி உண்மைதான். தண்ணீர் வந்த பிறகுதான் பாதைகள் பிரிந்தன. சரியாகச் சொன்னால், வருவதற்கு ஒரு நாள் முன்பே பிரிந்துவிட்டன.

ஏனென்றால், அனைவரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்ற உத்தரவை மேயர் ரே நேகின் போட்டதே 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைய நியூ ஆர்லியன்ஸில் மக்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். நாலில் ஒருவருக்கும் மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாலில் ஒரு வீட்டில் கார் கிடையாது. அமெரிக்காவில் கார் இல்லாத வீடு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் பேருந்துகள் கொட்டகையில் நின்றபடியே நீரில் மூழ்கின. இதற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: அது மாதக் கடைசி. முதியோர் ஓய்வூதியமும் உதவித்தொகையும் பலருக்கு மாதத்தின் முதல் நாட்களில்தான் வரும். ஆஸ்ட்ரோடோமில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் “ஏன் கிளம்பவில்லை?” என்று தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெட்ரோலுக்கும் விடுதிக்கும் கையில் காசில்லை என்று சிலர் சொன்னார்கள். பலர் பதில் சொல்லவே கூச்சப்பட்டார்கள்.

இறப்புக் கணக்கைப் பார்ப்போம். 1,833 என்ற எண்ணிக்கையே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2023இல் தேசியச் சூறாவளி மையம் அதை 1,392 என்று திருத்தியது. லூசியானாவில் இறந்தவர்களைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வின்படி, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். உங்கள் நண்பர்கள் இருவருமே முதுமையை மறந்துவிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குள் மட்டும் பார்த்தால், வயதுவந்தோரில் கறுப்பின மக்களின் இறப்பு வீதம் வெள்ளையரைப்போல 1.7 முதல் 4 மடங்கு வரை இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து வீசுவது வாதத்தில் ஜெயிக்கத்தான் உதவும்.

இனி, நிரூபிக்க முடியாதது. ‘இவர்கள் கறுப்பர்கள், மெதுவாகப் போகலாம்’ என்று யாராவது நினைத்தார்களா? புயலுக்கு அடுத்த வாரம் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், பாதிக்கப்பட்டவர்கள் வெள்ளையராக இருந்திருந்தால் உதவி விரைந்து வந்திருக்கும் என்று கறுப்பின மக்களில் 66 சதவீதத்தினர் சொன்னார்கள். வெள்ளையரில் 77 சதவீதத்தினர் அப்படி இல்லை என்றார்கள். ஒரே தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்த இரண்டு நாடுகள்! அதிகாரிகளின் மனத்துக்குள் இருந்ததைக் காட்டும் ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை. நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் அறிக்கை பக்கம் பக்கமாக அடுக்குவது திறமையின்மையையும் ஒருங்கிணைப்பின்மையையும்தான். நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்ததை நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளர் மைக்கேல் செர்டாஃப் செப்டம்பர் 1ஆம் தேதி வானொலிப் பேட்டியில், அப்படி ஒரு தகவல் தமக்கு வரவில்லை என்றார். இதை வெறுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்கறை இல்லாததன் அடையாளமா என்று கேட்டால், மறுக்கவும் முடியவில்லை.

ஆனால் நிறம் நேரடியாகக் குறுக்கே வந்து நின்ற இடம் ஒன்று உண்டு. அது அச்சம். நகரத்தை விட்டு வெளியேற முடியாதவர்கள் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கில் கொலை, பாலியல் வன்கொடுமை, ஹெலிகாப்டர்களைச் சுடுகிறார்கள் என்றெல்லாம் செய்தி பரவியது. மேயரும் காவல்துறைத் தலைவருமே அவற்றைத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். பெரும்பாலானவை பொய் என்று சில வாரங்களில் தெரிந்தது. அதற்குள் அந்த வதந்திகள் தம் வேலையைச் செய்துவிட்டன. ஆயுதப் பாதுகாப்பு வரட்டும் என்று மீட்புப் பணியை நிறுத்திவைத்தார்கள். மீட்பில் இருந்த காவலர்கள் கொள்ளையைத் தடுக்கத் திருப்பப்பட்டார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி தேசியக் காவல்படை பெரும் ஆயத்தத்துடன் மாநாட்டு மையத்துக்குள் போனபோது எதிர்ப்பே இருக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் பசித்தவர்கள், முதியவர்கள், குழந்தைகள். அதற்கு முந்தைய நாள், ஆற்றைக் கடந்து நடந்து வெளியேற முயன்ற கூட்டத்தைப் பாலத்திலேயே அக்கரையில் உள்ள கிரெட்னா ஊரின் காவலர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதமற்ற ஆறு பேரைக் காவலர்கள் சுட்டார்கள், இருவர் இறந்தார்கள். அந்த வழக்கு ஒரு தீர்ப்பு, அது ரத்து என்று இழுத்தடித்து, 2016இல்தான் குற்ற ஒப்புதலோடு முடிந்தது. ஏழைகள் என்பதற்காக மட்டும் இப்படியொரு அச்சம் எழுந்திருக்குமா என்று உங்கள் இரண்டாவது நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். எழுந்திருக்காது என்பது என் கருத்து.

வெள்ளத்தடுப்புக் கரையை வேண்டுமென்றே வெடிவைத்து உடைத்தார்கள் என்று ஆஸ்ட்ரோடோமில் பலர் என்னிடம் உறுதியாகச் சொன்னார்கள். 2005இல் அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 1927 மிசிசிப்பி வெள்ளத்தின்போது நகரத்தைக் காப்பாற்றுவதற்காகக் கேர்னார்வான் என்ற இடத்தில் கரையை உண்மையிலேயே வெடிவைத்துத்தான் உடைத்தார்கள். செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் மாவட்டத்து ஏழைகளின் நிலம் மூழ்கியது. தருவதாகச் சொன்ன இழப்பீடு பெரும்பாலும் வந்து சேரவில்லை. பாட்டியிடம் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர், தன் தெருவில் தண்ணீர் ஏறும்போது வேறு எதை நினைப்பார்? இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் திருத்தப் பாயாதீர்கள். இடம்பெயர்ந்து வந்தவரிடம் முதல் நாளே உண்மை சரிபார்க்கத் தொடங்கினால், இரண்டாம் நாள் அவர் உங்கள் மேசைக்கு வரமாட்டார்.

இப்போது நிவாரண விதிகளுக்கு வருகிறேன். என் தொழிலில் அதிகம் பார்த்தது இதைத்தான். பிரச்சினையின் மையமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ரொட்டிப் பொட்டலம் வந்த பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். ஊர் லோயர் நைன்த் வார்டு. அங்கே பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. ஏழைகள் என்றாலே வாடகைக்காரர்கள் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். உறைக்குள் மின் கட்டண ரசீது, தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற சான்று, மகனின் பள்ளிப் புகைப்படம், சொத்து வரி கட்டிய சீட்டு எல்லாம் இருந்தன. வரிச்சீட்டில் இருந்த பெயர் எப்போதோ இறந்துபோன அவருடைய அப்பாவின் பெயர். உயில் இல்லை. உடன்பிறந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் கலிபோர்னியாவில் எங்கோ இருக்கிறார். “வீடு யாருடையது?” என்று படிவம் கேட்டது. “என்னுடையதுதான், அங்கேதான் பிறந்தேன்” என்றார் அவர். தாத்தா பெயரிலேயே இருக்கும் கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு வங்கிக் கடனுக்கு அலைந்த குடும்பம் எதையாவது நீங்கள் பார்த்திருந்தால், அந்த மேசையில் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் குடும்பங்களின் நிலம் இப்படி உயிலில்லாமல் கைமாறுவது மிகப் பரவலானது. நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் நம்ப முடியாத காலத்தில் உருவான பழக்கம் அது. நிவாரண விதியில் நிறம் என்ற சொல்லே கிடையாது. பத்திரம் கொண்டு வா என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஒரு முகவரிக்கு ஒரு விண்ணப்பம் என்ற விதியும் அப்படித்தான். ஒரே கூரையின் கீழ் பாட்டி, மகள், மருமகன், தங்கை குடும்பம் என்று வாழ்ந்தவர்கள் புயலுக்குப் பின் மூன்று மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். முதலில் விண்ணப்பித்தவருக்குப் பணம் வரும், மற்றவர்களுக்கு மறுப்புக் கடிதம் வரும். விதி எழுதியவரின் கற்பனையில் ஒரு வீடு என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

எல்லாவற்றையும்விடத் துலக்கமான எடுத்துக்காட்டு, வீட்டைத் திரும்பக் கட்டப் பணம் தந்த ‘ரோட் ஹோம்’ திட்டம். பணம் கூட்டாட்சி அரசுடையது, நடத்தியது லூசியானா மாநிலம். ஒரு வீட்டுக்கு உச்சவரம்பு 1,50,000 டாலர். புயலுக்கு முன் அந்த வீட்டின் சந்தை விலை, அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. கணக்கு புரிய நானே இரண்டு எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரே அளவு, ஒரே மாதிரி மரவீடுகள் இரண்டு. சரிசெய்ய இரண்டுக்கும் 1,50,000 டாலர் ஆகும். வெள்ளையர் பகுதியில் இருப்பதன் சந்தை விலை 2,50,000 டாலர். அந்தக் குடும்பத்துக்கு முழுச் செலவும் கிடைக்கும். கறுப்பினப் பகுதியில் இருப்பதன் விலை 80,000 டாலர், கிடைப்பது 80,000. தச்சர் கேட்கும் கூலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், மரத்தின் விலையும் ஒன்றுதான். அந்தப் பகுதிகளின் விலை ஏன் குறைவாக இருந்தது? பல பத்தாண்டுகளாகக் கறுப்பினப் பகுதிகளுக்கு வீட்டுக் கடன் கொடுக்க மறுத்த வரலாறு அந்த விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுரிமை அமைப்புகள் 2008இல் வழக்குப் போட்டன. 2011இல் 6.2 கோடி டாலர் கூடுதலாகத் தருவதாகச் சமரசம் ஆனது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பலர் வேறு ஊர்களில் வேர்விட்டுவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் 4,84,674 பேர் இருந்த நகரத்தில் 2010இல் 3,43,829 பேர்தான் இருந்தார்கள். கறுப்பின மக்களின் எண்ணிக்கை மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தது. யார் எவ்வளவு சீக்கிரம் திரும்பினார்கள் என்று எலிசபெத் ஃபசல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. கறுப்பின மக்கள் மெதுவாகத்தான் திரும்பினார்கள். ஆனால் வீடு எவ்வளவு சேதமடைந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிடுகிறது. உங்கள் இரண்டாவது நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, நிறம் காரணமில்லை” என்பார். முதல் நண்பர், “சேதம் அதிகமான தெருக்களில் அவர்கள் ஏன் இருந்தார்கள்?” என்பார். இருவரும் ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணியைப் பிடித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. வருமான வரிப் பதிவுகளை வைத்து 2018இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு, புயலில் பாதிக்கப்பட்டவர்களின் வருமானம் சில ஆண்டுகளிலேயே ஒப்பிடத்தக்க பிற நகரத்தவரின் வருமானத்தை மிஞ்சியது என்கிறது. ஹூஸ்டனில் நான் கண்டதோடும் இது ஒத்துப்போகிறது. இங்கே வேலை இருந்தது, கூலி கூடுதல். முன்னாள் குடியரசுத் தலைவரின் மனைவி பார்பரா புஷ் ஆஸ்ட்ரோடோமைப் பார்வையிட்ட நாளில், இவர்கள் ஏற்கெனவே வசதியற்றவர்கள்தான், இது இவர்களுக்கு நன்றாகவே அமைகிறது என்ற பொருளில் பேசிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். அப்படியானால் அவர் சொன்னது சரியாகிவிட்டதா? சம்பளச் சீட்டு மட்டும்தான் கணக்கு என்றால் ஆகிவிட்டது. வார இறுதிகளில் ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டிப் பழைய தெருவில் புல் வெட்டிவிட்டு வந்தவர்களை நான் அறிவேன். புல் வளர்ந்தால் நகராட்சி அபராதம் போடும், நிலமும் கைவிட்டுப் போகும் என்ற பயம் அவர்களுக்கு.

உதவப் போகிறவருக்கு இந்த விவாதம் எதற்கு என்ற கேள்விக்கு, இப்போது உங்கள் முன்னால் இருப்பவர்களை வைத்தே பதில் சொல்கிறேன். மேற்கு வட கரோலினாவின் மலைக் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள். அவர்களிலும் பலருக்கு நிலம் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, அல்லது மொபைல் ஹோமுக்கு (தயாரித்துக் கொண்டுவந்து நிறுத்தும் வீடு) பத்திரமே இல்லை. வெள்ளக் காப்பீடு மிக அரிது. கறுப்பினக் குடும்பங்களின் பரம்பரை நிலம் பற்றியும், 2017இல் மரியா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோ மக்கள் பத்திரமில்லாமல் தவித்தது பற்றியும் பல ஆண்டுகள் நடந்த சண்டையின் விளைவாக, கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபெமா 2021இல் விதியை மாற்றியது. பரம்பரை வீடோ மொபைல் ஹோமோ, வேறு ஆவணம் எதுவும் கிடைக்காவிட்டால், உரிமையாளர் தாமே கையெழுத்திடும் உறுதிமொழியை இப்போது ஏற்கிறார்கள். நிறத்தைப் பற்றி வாதாடியவர்கள் திருத்திய விதி, இன்று மலைமேல் இருக்கும் வெள்ளை ஏழைக்கும் பணம் வாங்கித் தருகிறது. பேச்சே வேண்டாம் என்ற உங்கள் மூன்றாவது நண்பரின் பெட்டிக்குள் இப்படியொரு விதி இருக்காது.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய துணி வேண்டாம். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் மலையாகக் கிடந்த துணிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஹூஸ்டனிலும் அதே கதைதான், பிரிப்பதற்கே ஆள் போதவில்லை. பணமோ கிஃப்ட் கார்டோ கொடுங்கள். ஆஸ்ட்ரோடோமில் மக்கள் தவித்தது மூக்குக் கண்ணாடிக்கும், பல்செட்டுக்கும், ரத்த அழுத்த மாத்திரைக்கும், உறவினர்களைத் தேட ஒரு தொலைபேசிக்கும்தான். எங்கே போகிறது என்று சொல்லாமலே பேருந்திலும் விமானத்திலும் ஏற்றியதில் தாய் டெக்சஸிலும் மகன் யூட்டாவிலும் இறங்கியிருந்தார்கள். 5,192 குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்ததாகப் பதிவானது. கடைசிக் குழந்தை குடும்பத்தோடு சேர 2006 மார்ச் ஆகிவிட்டது. எனவே உங்களிடம் வரும் குடும்பத்திடம், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் யார் இன்னும் வந்து சேரவில்லை என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அலுவலகத்தில் தயங்கினால் மெக்கின்னி-வென்டோ சட்டம் என்று சொன்னால் போதும்.

அதன்பின் அவர்களோடு உட்கார்ந்து கடிதங்களைப் படியுங்கள். 750 டாலர்தான் மொத்த உதவி என்று ஹெலீனுக்குப் பின் பரவிய வதந்தியை நம்பி விண்ணப்பத்தை அப்படியே விட்டவர்கள் இருப்பார்கள். அது உடனடிச் செலவுக்கான முதல் தொகை மட்டுமே. வீட்டுச் சேதத்துக்கும் வாடகைக்கும் தனித்தனியே உண்டு. தகுதியில்லை என்று வரும் கடிதத்தைப் பார்த்ததும் பலர் மடித்து வைத்துவிடுகிறார்கள். உள்ளே படித்தால், பெரும்பாலும் ஏதோ ஓர் ஆவணம் சேரவில்லை, அல்லது காப்பீட்டு நிறுவனத்தின் பதில் வரவில்லை என்றுதான் இருக்கும். மேல்முறையீட்டுக்குக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. ஒரு முகவரியில் இரண்டு குடும்பங்கள் இருந்திருந்தால் தனித்தனிச் சமையல், தனித்தனி வருமானம் என்று காட்டும் எதையும் சேர்த்து அனுப்புங்கள். இவற்றில் அடங்காத சிக்கல் வந்தால் நீங்களே வழக்கறிஞர் ஆகிவிடாதீர்கள். பேரிடர் காலத்தில் இலவசச் சட்ட உதவி மையங்கள் இயங்கும், அங்கே அனுப்புங்கள். அங்கே போய்வர அவர்களுக்கு ஒரு காரும், கூட வர ஓர் ஆளும், ஒரு முழுப் பகலும் தேவைப்படும். துணி மூட்டை கட்ட வந்திருப்பவர்களை இதற்கு அனுப்பலாம்.